மருந்துக்கும் ரவைக்கும் நடுவே

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. இன்றைய புகையில்லா மருந்தின் பக்கத்தில் வைத்தால் கருமருந்து வலுக்குறைந்தது, ஆகவே கொஞ்சம் முன்பின்னாகப் போட்டாலும் பெரிய கேடு வராது என்பது முதல் நம்பிக்கை. கெட்டிப்பதற்கென்று சொல்லப்படும் ஒழுங்குமுறைகள் எல்லாம் முன்னோர் விட்டுப்போன சடங்குகள், அவற்றில் பாதியை விட்டுவிட்டாலும் துப்பாக்கி வெடிக்கத்தான் போகிறது என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. மருந்தின் அளவையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், மருந்துக்கு மேலே இருக்கும் இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். கருமருந்தை அடக்கி வைப்பதில் இரும்பின் கனத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு ரவை மருந்தோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதற்கும் உண்டு. அந்த ஒட்டுதல் விலகி நடுவே காலியிடம் விழுந்தால், அதே மருந்து, அதே ரவை, அதே குழல், ஆனால் முடிவு வேறு. ஒற்றைக் குழலில் அந்தக் காலியிடம் பெரும்பாலும் கைப்பிழையால் வரும். இரட்டைக் குழலிலோ, எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும், முதல் வேட்டே அதை உண்டாக்கிவிட முடியும்.

இந்தத் துப்பாக்கி தன் முழு வடிவத்தை அடைந்தது இங்கிலாந்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 1860களுக்கும் இடைப்பட்ட காலத்தில். 1787இல் லண்டனில் துப்பாக்கி செய்துவந்த ஹென்றி நாக், குழலின் அடிப்பகுதிக்குப் புதிய அமைப்பு ஒன்றைக் கண்டு காப்புரிமை பெற்றார். அதில் மருந்து சட்டென்று பற்றியதால் நீண்ட குழல் தேவைப்படவில்லை. இரண்டு குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தும் ஒருவர் நாள் முழுவதும் தூக்கித் திரியக்கூடிய எடையில் துப்பாக்கி வந்தது. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத், அடிபட்டால் தீப்பிடிக்கும் கலவையைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் வந்த சிறிய செம்புக் கேப் 1820களில் புழக்கத்துக்கு வந்து, சிக்கிமுக்கிக் கல்லை மெல்ல ஓரங்கட்டியது. குழலின் அளவு அன்றும் இன்றும் ஒரே கணக்குதான்: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

இங்கே தோட்டா என்று தனியாக எதுவும் கிடையாது. குழலே தோட்டா, சுடுபவரே அதைச் செய்யும் தொழிற்சாலை. ஒரு 12 போர் குழலில் வழக்கமாக 5 கிராமுக்குச் சற்று மேல் மருந்து விழும். அதன்மேல் தடித்த அட்டை வில்லை. அதன்மேல் எண்ணெயோ கொழுப்போ ஊறிய கம்பளித் தக்கை. பிறகு சுமார் 32 கிராம் ஈய ரவை. கடைசியில் ரவை சிந்தாமல் இருக்க மெல்லிய அட்டை ஒன்று. முதல் அட்டையைக் கோலால் கீழே தள்ளும்போது, கேப் மாட்டும் முளையின் துளை வழியாக உள்ளிருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். பழகிய காது அந்தச் சீறலுக்காகக் காத்திருக்கும். துளை அடைபடவில்லை, அட்டை மருந்தை நோக்கி இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. சத்தம் நின்று, கோல் கெட்டியாக முட்டிய பிறகுதான் மேலே மற்றவை போகும். கேப் கடைசியில், துப்பாக்கியின் வாய் ஆளில்லாத் திசையைப் பார்த்திருக்கும்போது மட்டும்.

மருந்தின் குணத்தை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. வெடியுப்பு நான்கில் மூன்று பங்கு. கரி எரிபொருள், வெடியுப்பு அதற்கு ஆக்ஸிஜன் கொடுப்பது, கந்தகம் குறைந்த வெப்பத்திலேயே உருகித் தீயைத் தொற்றவைப்பது. வெளிக்காற்றின் உதவி இல்லாமலே எரிவதால்தான் மூடிய குழலுக்குள் அதற்கு வேலை இருக்கிறது. 1870களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபல் என்ற இருவரும் மருந்தை மூடிய இரும்புக் கலத்துக்குள் எரித்து, என்ன மிஞ்சுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். எடையில் சுமார் 43 விழுக்காடுதான் வாயு. மீதி அத்தனையும் பொட்டாசியத்தின் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று திடப்பொருளாக நின்றது. துப்பாக்கி வாயில் எழும் அந்த வெள்ளைப் புகையும் குழலுக்குள் படியும் கருங்கசடும் இந்த மீதிதான். சுட்ட துப்பாக்கியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது சல்பைடு தண்ணீரோடு சேர்வதால். போட்டதில் பாதிக்கும் மேல் தள்ளுவதற்கு உதவாமல் போகும் மருந்து வலுக்குறைந்தது என்று சொல்வதில் தவறில்லை.

அதோடு இன்னொன்றும் அதற்குச் சாதகமாக இருக்கிறது. புகையில்லா மருந்தின் எரியும் வேகம், சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறும். அழுத்தம் எரிதலைத் தூண்ட, எரிதல் அழுத்தத்தைத் தூண்ட, கண நேரத்தில் கைமீறிவிடும். ஆகவேதான் அதை வாய்வழித் துப்பாக்கியில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. கருமருந்தின் வேகம் அழுத்தத்தோடு அப்படி ஓடுவதில்லை, கொஞ்சம்தான் கூடும். எரிவது மருந்து மணிகளின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி. பெரிய மணி மெதுவாகவும் சிறிய மணி விரைவாகவும் தீரும். ஆனால் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தீ பாயும் வேகம் வேறு. ஒரு மணி எரிந்து முடிய ஆகும் நேரத்துக்குள், தீ எல்லா மணிகளையும் தொட்டுவிடும். குழலில் கெட்டித்த மருந்து ஒரு குவியலாகப் பற்றி, எதிரே உட்கார்ந்திருக்கும் ரவையைத் தள்ள ஆரம்பிக்கிறது. ரவை நகர நகர வாயுவுக்கு இடம் பெருகுகிறது. அழுத்தம் முதல் சில அங்குலங்களிலேயே உச்சத்தைத் தொட்டு, அப்புறம் வாய் வரை சரிந்துகொண்டே போகிறது. ரவை மருந்தோடு ஒட்டி இருக்கிறது என்ற நிபந்தனை இருக்கும்வரை இந்தக் கணக்கு நம்பகமானது. கருமருந்தை சாது என்று சொல்பவர்கள் கவனிக்காமல் விட்டது அந்த நிபந்தனையைத்தான்.

குழல் செய்தவர்கள் அந்த நிபந்தனையை நம்பியே இரும்பைச் செதுக்கினார்கள். நல்ல இங்கிலாந்துத் துப்பாக்கியின் குழலை அடியிலிருந்து நுனிவரை அளந்தால், அடியில் சுவரின் கனம் நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கும். நுனியை நெருங்கும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருக்கும். துப்பாக்கி கையில் இலகுவாகத் திரும்ப வேண்டுமே. உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் குழலைச் சுற்றளவில் இழுக்கிறது. அந்த இழுவிசை, ஆரத்தைச் சுவரின் கனத்தால் வகுத்த அளவுக்குப் பெருகும். ஆரம் இரண்டு இடத்திலும் ஒன்றே, சுமார் 9 மில்லிமீட்டர். கனம் 4 மில்லிமீட்டர் உள்ள இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு இழுவிசையாகும். 1 மில்லிமீட்டர் உள்ள இடத்தில் ஒன்பது மடங்காகும். அடியில் பெரிய அழுத்தம், நுனியில் சிறிய அழுத்தம் என்றிருக்கும்வரை இது சிக்கனமான, அழகான வடிவமைப்பு. உச்ச அழுத்தம் தன் இடத்தை விட்டு முன்னே நகர்ந்தால், அதே சிக்கனம் அப்படியே எதிரியாகிவிடும். இந்தக் குழல்கள் பலவற்றில் ஓடும் அலையலையான கோலத்தைப் பார்த்து ‘டமாஸ்கஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் புகழ்பெற்றது தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கில் அடித்த வாள்களால். ஆனால் குழல்கள் அந்த உருக்கால் ஆனவை அல்ல. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைத்தவை. பெயரின் பெருமை சுவரின் கனத்தைக் கூட்டுவதில்லை.

காலியிடம் என்ன செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான சான்றைத் தந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டின் வேகத்தை ஊசல் ஒன்றில் அறைந்து அளக்கும் முறையைக் கண்டவர் அவர். 1742இல் வெளியான அவருடைய பீரங்கியியல் நூலை, கணித மேதை ஆய்லர் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதினார். மருந்தை அடியில் போட்டு, குண்டை அதை ஒட்டி வைக்காமல், அடியிலிருந்து 16 அங்குலம், அதாவது சுமார் 40 சென்டிமீட்டர், தள்ளி வைத்து ராபின்ஸ் சுட்டுப் பார்த்தார். துப்பாக்கி மட்டமான சரக்கல்ல, உறுதியான இரும்பில் அடித்த நல்ல ராணுவ மஸ்கெட். குண்டுக்குச் சற்றுப் பின்னால் குழல் இரண்டு மடங்கு விட்டத்துக்கு ஊதிப் புடைத்து, இரண்டு துண்டுகள் பிய்ந்து பறந்தன. மருந்து இருந்த அடிப்பகுதி அப்படியே நின்றது. அவர் சொன்ன விளக்கம் இன்றும் செல்லும்: காலியிடத்தில் தடையில்லாமல் பாய்ந்து வரும் வாயு வேகம் பிடித்துவிடுகிறது, அசையாமல் நிற்கும் குண்டில் வந்து முட்டியதும் அத்தனை வேகமும் அங்கேயே தேங்கி, ஒரு சின்ன இடத்தில் அழுத்தமாகக் குவிகிறது. ஓடும் ரயிலில் முதல் பெட்டி சட்டென்று நின்றால் பின்னால் வரும் பெட்டிகள் என்ன செய்யுமோ அதுதான். இந்த மனிதரின் கடைசி நாட்கள் நம் கரையில் கழிந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார்.

இந்தச் சான்றை எதிர்த்து ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். ராபின்ஸ் போட்ட மருந்து 18 கிராமுக்கும் மேல். பறவை வேட்டைத் துப்பாக்கியில் போடுவதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். தக்கைக்கும் ரவைக்கும் அது பொருந்துமா? அளவில் அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராணுவ மஸ்கெட்டின் குழல் வேட்டைத் துப்பாக்கியின் குழலைவிடக் கனமானது. நம் துப்பாக்கியில் தாங்கும் இரும்பே குறைவு. இன்னொன்று, நம் துப்பாக்கியில் முன்னே நகர்ந்து நிற்பது ஒரு குண்டல்ல, 32 கிராம் ரவைக் குவியல். தள்ளினால் பக்கவாட்டிலும் அமுங்கிக் குழலை நெருக்கும் பொருள் அது. வேறு சிலர் அனுபவத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள்: ரவை நகர்ந்த நிலையில் எத்தனையோ வேட்டு போட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை என்று. உண்மையாகவே இருக்கலாம். இடைவெளி எவ்வளவு, தக்கை எவ்வளவு இறுக்கம், மணி பெரிதா சிறிதா என்பதையெல்லாம் பொறுத்து ஒவ்வொரு வேட்டும் வேறுபடும். ஆனால் புடைப்பு ஒரே நாளில் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. இரும்பு தன் மீள்தன்மையின் எல்லையை மயிரிழை தாண்டினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அடுத்த முறை அந்த இடத்தின் சுவர் இன்னும் மெலிந்திருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பது கண்ணால் பார்த்த தீர்ப்பு. இங்கே கேட்க வேண்டியது அளவுகோலின் தீர்ப்பை.

இப்போது இரண்டாவது குழலுக்கு வரலாம். வலக் குழல் வெடிக்கிறது, இடக் குழல் கெட்டித்தபடி காத்திருக்கிறது. துப்பாக்கியின் எடை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரவை 32 கிராம், வாயை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 300 மீட்டர். கூடவே பீறிடும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால், துப்பாக்கி நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கிப் பின்னே வருகிறது. அந்த வேகத்தை அது எட்டுவது ஒரு நொடியின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு நேரத்துக்குள். முடுக்கம் என்று பார்த்தால் புவியீர்ப்பைப் போல் சுமார் நூறு மடங்கு. உச்சக் கணத்தில் இன்னும் அதிகம். இடக் குழலும் துப்பாக்கியோடு சேர்ந்து பின்னே வருகிறது. ஆனால் அதற்குள் சும்மா கிடக்கும் ரவைக்கு அந்த அவசரம் கிடையாது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்பக்கம் சாய்வதுபோல, குழல் பின்னே போக ரவை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. குழலிலிருந்து பார்த்தால் ரவை முன்னே ஓடுகிறது. 32 கிராம் ரவையை நூறு மடங்கு முடுக்கத்தோடு பின்னே இழுத்துவர வேண்டுமானால் 3 கிலோவுக்கு மேல் எடையைத் தாங்கும் பிடிப்பு வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடைக்குச் சமம் அது. அந்தப் பிடிப்பைக் கொடுக்க அங்கே இருப்பது மேலே வைத்த ஒரு மெல்லிய அட்டை. குழல் சுவரோடு அதன் விளிம்பு உரசும் உராய்வு. ஒரு வேட்டில் அது தாங்கினாலும் தாங்கும். வலக் குழலையே திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டுக்கொண்டு, இடக் குழலை ‘அது இருக்கட்டும்’ என்று விட்டுவைத்தால், ஒவ்வொரு உதையிலும் அட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து, ரவை மருந்தை விட்டு விலகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய ஒழுங்குமுறைகளைத் திரும்பப் படித்தால் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் நிற்பது தெரியும். ஒரு குழலைச் சுட்டுவிட்டு அதை நிரப்பப் போகும் முன், சுடாத குழலின் கேப்பைக் கழற்று, கேப்பை அடிக்கும் குதிரை தூக்கியபடி இருக்கக் கூடாது என்கின்றன 19ஆம் நூற்றாண்டு வேட்டை நூல்கள், சலிக்காமல். கேப் மாட்டிய குழலின் வாய்க்கு மேலே கையை நீட்டிக்கொண்டு பக்கத்துக் குழலில் கோலை இடிப்பது, கையைப் பந்தயம் வைப்பதற்குச் சமம். கேப்பைக் கழற்றியதும் கோலைச் சுடாத குழலில் விட்டு, ரவை பழைய இடத்தில் இருக்கிறதா பார்த்து, விலகியிருந்தால் திரும்ப இறுக்கு என்பது அடுத்தது. மேலே போட்ட கணக்குக்கான நேரடிப் பரிகாரம் இது. இரண்டையும் நிரப்பும்போது, மருந்து போட்ட குழலில் கோலை நட்டுவைத்துவிட்டு மற்றதற்குப் போ என்பது இன்னொன்று. நிரம்பிய குழலும் காலிக் குழலும் வெளியே ஒரே மாதிரி இருப்பதால், பேச்சுவாக்கில் ஒன்றிலேயே இரண்டு தரம் கொட்டிவிடுவது சுலபம்; நட்டுவைத்த கோல் நினைவாற்றலின் வேலையைக் கையில் வாங்கிக்கொள்கிறது. மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டாமல், தனி அளவுக் கிண்ணத்தில் எடுத்துக் கொட்டுவதும் இப்படித்தான். முந்தைய வேட்டின் கனல் ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால், பற்றுவது 5 கிராமோடு நிற்கும். குடுவை கையில் வெடிக்காது.

கசடு இருக்கிறதே, சொரசொரப்பாகி அட்டையைப் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பிடித்துக்கொள்ளும், அதுதான் தொல்லையும். பத்து வேட்டுக்குப் பிறகு குழலின் அடிப்பக்கம் கசடு தடித்து, கீழே போகும் தக்கை பாதியிலேயே இறுகி நின்றுவிடும். கோலைத் தட்டிப் பார்த்தால் கெட்டியாகவே முட்டும்; கை ஏமாந்துபோகும். அதனால்தான் கோலில் கோடு போட்டு வைக்கிறார்கள்: காலிக் குழலில் கோல் எதுவரை இறங்கும் என்பதற்கு ஒன்று, சரியாகக் கெட்டித்தால் எதுவரை என்பதற்கு ஒன்று. கோடு குழல் வாயோடு சேரவில்லை என்றால், கைக்கு எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அந்தக் குழலைச் சுடக்கூடாது. ஈரத்துணியால் துடைத்துக் கசடைக் கரைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது நேரத்தை வீணாக்குவதல்ல.

சோதனைச்சாலை முத்திரை குத்திய குழல்தானே என்ற நம்பிக்கையும் இங்கே கைகொடுக்காது. 1813இல் சட்டம் இயற்றி பர்மிங்ஹாமில் அமைத்த சோதனைச்சாலை போன்றவை, வழக்கத்தைவிட அதிக மருந்தை இறுக்கமாகக் கெட்டித்து வெடித்துப் பார்த்து முத்திரை குத்தின. மருந்தின் அளவுக்கான சோதனை அது. விலகி நிற்கும் ரவையை எந்த முத்திரையும் சோதிக்கவில்லை, சோதித்திருக்கவும் முடியாது. அடிவழியாகத் தோட்டா போடும் துப்பாக்கி 1850களில் இங்கிலாந்தில் பரவியதற்கு வேகமே காரணம் என்று சொல்வார்கள். வேகம் முக்கியக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் தோட்டாவின் பெரிய கொடை வேறொன்று என்று எனக்குப் படுகிறது: மருந்து, தக்கை, ரவை மூன்றையும் ஒரு கூட்டுக்குள் அடைத்து வாயை மடித்துவிட்டதால், பக்கத்துக் குழல் எத்தனை உதைத்தாலும் அவற்றின் நடுவே எளிதில் காலியிடம் விழாது. சுடுபவரின் நினைவில் இருந்த பொறுப்பு காகிதக் கூட்டுக்கு மாறியது. அந்தக் கூடு இல்லாத துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமத்தைப் பற்றிச் சொல்லும்போது வாய்வழித் துப்பாக்கியை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதனால் இது அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் முடிந்துபோன விவகாரம் அல்ல.

பழைய குழல் ஒன்று இந்தத் தவறுக்கு ஆளானதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காலி என்று கோலை விட்டு உறுதி செய்து, அடிப்பகுதியைக் கழற்றிய பிறகு, குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். நல்ல குழலில் உட்சுவரின் ஒளிக்கோடுகள் நேராக, நுனிவரை உடையாமல் ஓடும். புடைத்த குழலில் அவை ஓரிடத்தில் சற்றே வளைந்து, அங்கே மெல்லிய நிழல் வளையம் ஒன்று தெரியும். வெளியே விரலை ஓட்டினால் தட்டுப்படாத அளவுக்குச் சிறியதாகக்கூட இருக்கும். ராபின்ஸின் மஸ்கெட் குண்டுக்குச் சற்றுப் பின்னால் புடைத்ததுபோல, இந்த வளையமும் ரவை எங்கே நின்றதோ அங்கேதான் விழுந்திருக்கும். அடியிலிருந்து அந்த வளையம் வரை கோலை விட்டு அளந்து, சரியாகக் கெட்டித்த மருந்தின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது, அன்று சுட்டவருக்குத் தெரியாமல் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருந்த காலியிடத்தின் நீளம்.